முட்டை லாரியின் இரண்டாவது கேசட்

சமீபத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, குழந்தையின் கையில் போன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதெல்லாம் இல்லாம நீங்க எப்படித்தான் பிள்ளை வளத்தீங்க?" என்று கேட்டாள். ஏதோ நான் குகையில் குடும்பம் நடத்திவிட்டு வந்தவள் என்கிற பரிதாபம் அவள் முகத்தில். "ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான்மா" என்று சொல்லி அவளைத் திருப்திப்படுத்தினேன். உண்மையைச் சொல்லத் தொடங்குவதற்குள் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

உண்மை என்னவென்றால், நாங்கள் கொள்கைக்காக டிவி வாங்காமல் இருந்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஷிப்ட் வேலை பார்த்தார். மற்றவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் தூங்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த மூலையில் டிவியை வைத்தாலும் அது அவர் காதுக்குள் வைத்த மாதிரிதான் இருக்கும். அதனால் வாங்கவில்லை. இதைப் பிற்பாடு பலரும் தியாகம் என்று பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

மகள் பிறந்தது எழுபதுகளின் நடுவில். அப்போது தேக்காவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தோம். அவளுக்கு டிவி, ரேடியோ எல்லாமே அந்த அறையின் ஜன்னல்தான். கீழே வெங்காய லாரி வந்து நிற்கும். மூட்டை இறக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். "லாரி வந்துச்சு பாரு, ஆ காட்டு" என்று ஒரு வாய். "அந்த அண்ணன் மூட்டையைப் போட்டுட்டாரு பாரு, ஆ காட்டு" என்று இன்னொரு வாய். லாரி வராத நாளில் என் மகள் பட்டினி. அதனால் அவளுடைய முதல் சொல் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, 'ஆரி'தான். அவள் அப்பாவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கிராஞ்சியில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை லாரிக்குக் கிளீனராக இருந்தவர். பெண் தன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று அவருக்கு நினைப்பு.

அடுத்து மகன் பிறந்தான். அரசாங்கம் இரண்டு போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அவனுடைய குறும்பைப் பார்த்த பிறகு அரசாங்கம் சொல்லியிருக்கவே வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஈசூனில் புதிய பிளாட் கிடைத்தது. ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் காற்றுதான் வந்தது, லாரி வரவில்லை. கீழே பார்த்தால் மண்ணும் கிரேனும் பாதி கட்டிய புளோக்குகளும். ஒரு வாரத்துக்குப் பிள்ளைகள் இரண்டும் ஹாலில் படுத்துக்கொண்டு "அம்மா, போரிங்" என்று மாற்றி மாற்றிப் பாடின. நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்து இரண்டையும் காரிடாரில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். குழந்தை வளர்ப்பில் என் தலைசிறந்த கண்டுபிடிப்பு அதுதான்.

அந்த நீளக் காரிடாரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், எங்களைப் போலத் தமிழ்ப் பிள்ளைகள். எந்த வீட்டு வாசலில் என் பிள்ளைகளின் சிலிப்பர் கிடக்கிறதோ அந்த வீட்டில் அவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை எல்லோரும் மக்சிக் என்று கூப்பிடுவோம். பெரும்பாலும் சிலிப்பர்கள் அவர் வாசலில்தான் கிடக்கும், அவர் பொரிக்கும் வாழைப்பழத்தின் வாசம் அப்படி. நான் சமையலறையை விட்டு நகராமல், தலையை மட்டும் வெளியே நீட்டி, சிலிப்பர்களை எண்ணிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இதெல்லாம் நாள் முழுவதும் நடக்கிற கதை. திங்கட்கிழமை சாயங்காலம் நடந்தது வேறு.

நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு காலை குடும்பமாகத் தமிழ்ப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்ததும் நான் பிள்ளைகளையும் தேக்கா மார்க்கெட் காய்கறிப் பைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அவர் பட்டறைச் சிநேகிதர்களோடு தமிழ்ப் படத்துக்குப் போவார். வாரம் முழுவதும் இரும்புச் சத்தத்தில் வேலை செய்கிற மனிதருக்கு அந்த ஒன்றுதான் ஆடம்பரம், போகட்டும் என்று விட்டேன். அதற்குப் பிள்ளைகள் வரி விதித்தார்கள். பார்த்த படத்தை முழுசாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன், சாயங்காலம், ஹாலில் பாயைப் போட்டு அவர் உட்காருவார். இரண்டும் எதிரே உட்காரும்.

பேச்சு வராத மனிதர் அவர். பொண்ணு பார்க்க வந்தபோது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பஸ் ஈசியா கிடைச்சுச்சா?" நாங்கள் இருந்தது எங்கள் வீட்டில். அப்படிப்பட்டவர், பாயில் உட்கார்ந்ததும் ஆளே மாறிவிடுவார். சண்டைக்கு முறத்தைத் தட்டுவார், மழைக்கு அரிசியைக் கொட்டுவார், கதாநாயகிக்கு என் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு அவர் ஒரு சாத்திய கதவு. "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறாரு" என்று நான் சொல்லிச் சொல்லி அப்படி ஆக்கியிருந்தேன். திங்கட்கிழமை மட்டும்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவும் இல்லையென்றால் அவர்களுக்கு அப்பா என்று ஒருவர் இருப்பது அவருடைய குறட்டையால்தான் தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிறு மக்சிக் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல, நானும் அவரோடு படத்துக்குப் போனேன். அண்ணன் தங்கச்சி கதை. இடைவேளை வரை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். இடைவேளையில் ஒரு கறிபாப் சாப்பிட்டார். விளக்கு அணைந்தது. தியேட்டரில் ஏசி குளிர். அடுத்த நிமிடம் அவர் தலை என் தோளில். நான் இடித்தேன், கிள்ளினேன். மனிதர் அசையவில்லை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்ல படம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பாயில் உட்கார்ந்து கதையைத் தொடங்கினார். நான் சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டே காதை நீட்டினேன். முதல் பாதி அச்சு அசலாக வந்தது. திருவிழாவில் தங்கச்சி தொலைந்துபோவது, வளர்ந்த பிறகு வில்லன் அவளைக் கட்டிப்போட்டு ஒரு வண்டியில் ஏற்றுவது வரை. இடைவேளை வந்துவிட்டது, இனி என்ன செய்யப் போகிறார் என்று நான் கத்தியை நிறுத்திவிட்டேன்.

"அந்த வண்டி நேரா எங்க போச்சு தெரியுமா?" என்றார் அவர். "கிராஞ்சிக்கு."

"நம்ம கிராஞ்சியா?" என்றாள் மகள்.

"வேற எந்த கிராஞ்சி? மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வந்து இறங்கிட்டாங்கல்ல."

அதன் பிறகு தங்கச்சி ஒரு கோழிப்பண்ணைக்குள் குதித்தாள். கோழிகளுக்குத் தீனி போட்டுச் சிநேகம் பிடித்தாள். வில்லன் தேடி வந்தபோது கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தி அவன் காதைச் செவிடாக்கின. கடைசியில் அவளே முட்டை லாரியை ஓட்டிக்கொண்டு புக்கிட் தீமா ரோடு வழியாக வந்து, அண்ணனை அடித்துக்கொண்டிருந்த வில்லன் மேல் தட்டுத் தட்டாக முட்டையை வீசி, அண்ணனை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் இருவரும் இறங்கி முர்தபாக் சாப்பிட்டார்கள். சுபம்.

நான் பார்த்த படத்தில் அந்தத் தங்கச்சி மருத்துவமனையில் கிடந்து, அண்ணன் மடியில் தலை வைத்து, ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுச் செத்துப்போனாள். அந்தப் பாட்டுக்கு நான் என் கைக்குட்டையோடு அவர் கைக்குட்டையையும் நனைத்திருந்தேன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், முட்டை லாரிதான் நல்ல படம். பயத்தங்காயை நறுக்கி முடித்தேன். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. இத்தனை வருடமாக என் பிள்ளைகள் கேட்ட எல்லாத் தமிழ்ப் படங்களும் இரண்டாம் பாதியில் ஏன் உட்லண்ட்ஸ், செம்பவாங், ஜூரோங் என்று அலைந்தன என்பது.

முட்டை லாரி மறுநாளே காரிடாருக்குப் போனது. மகள்தான் டைரக்டர். குளிர்பானப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் லாரி. முட்டைக்குப் பழைய செய்தித்தாள் உருண்டை. சின்னப் பிள்ளைகள் எல்லாம் கோழி. மக்சிக்கின் கடைசிப் பையனைப் போலக் கொக்கரிக்க இன்றுவரை நான் ஒரு நிஜக் கோழியைக் கேட்டதில்லை. அவர்கள் அதை 'லோரி தெலூர்' என்று மலாயில் சொன்னார்கள், என் பிள்ளைகள் தமிழில் சொன்னார்கள், சீனப் பிள்ளைகள் இரண்டையும் கலந்து சொன்னார்கள். ஒன்பதாவது மாடியில் அது படம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலத்தில் படம் பார்ப்பது இல்லை. பார்ப்பதுதான் இல்லை, கேட்கலாமா என்று மகள் ஒரு கேள்வியைக் கிளப்பினாள். எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகச் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர், "கதை கேக்கலாம்மா. டூயட் மட்டும் வேணாம்" என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு என் வீட்டுக்காரருக்குத்தான் தண்டனையாக முடிந்தது. புதுப் படமும் கிடையாது, கதையும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் வாராவாரம் முட்டை லாரியையே ஓட்டினார். பண்ணையில் வெள்ளம் வந்தது, கோழிக்குக் காய்ச்சல் வந்தது, வில்லன் மனம் திருந்திச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான். தியேட்டருக்குப் போய்த் தூங்காத வாரங்களில் இன்னும் நன்றாகச் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாலாவது வீட்டு அக்கா வீடியோ வாங்கும் வரை.

நாலாவது வீட்டு அக்காவும் தமிழர்தான். அவர் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீஸில் வேலை. ஹாலில் டிவிக்குப் பூப்பின்னல் துணி போர்த்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் ரோஜா வைத்து, கோயில் மாதிரி வைத்திருப்பார். இப்போது கீழே வீடியோவும் வந்துவிட்டது. அதற்கும் ஒரு துணி. தங்கமான மனுஷிதான். அவருடைய மூத்த பையனுக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். பன்னிரண்டு வயது இருக்கும். முட்டை லாரி ஆட்டத்தில் அவனுக்கு வில்லன் வேஷம் கொடுத்திருந்தார்கள், அந்தக் கோபமும் இருந்திருக்கலாம். ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் மகளிடம், "அப்படி ஒரு படமே கிடையாது லா. உங்க அப்பா சும்மா புளுகு விடுறாரு" என்றிருக்கிறான்.

என் மகளுக்கு என் கோபம் அப்படியே வந்திருந்தது. நேராக அவன் அம்மாவிடமே போய் நின்றிருக்கிறாள். "ஆன்ட்டி, அந்த அண்ணன் தங்கச்சி படம் கேசட் கிடைக்குமா?"

கிடைக்குமாம். தேக்கா வீடியோ கடையில் சொல்லி வைத்தாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் படம். காரிடார் முழுக்க அழைப்பு. இதெல்லாம் வியாழக்கிழமை துணி காயப்போடும்போது அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையில் இருந்த, துணி மாட்டும் மூங்கில் கழி ஒன்பது மாடி கீழே போயிருக்கும், நல்லவேளை பிடித்துக்கொண்டேன்.

"வேற ஏதாச்சும் சிரிப்புப் படம் எடுக்கலாமேக்கா, பிள்ளைங்க பாக்குறது" என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க வேற! உங்க பொண்ணு எத்தனை தடவ வந்து கேட்டா தெரியுமா? நானும் அந்தக் கோழி வர்ற சீனைப் பாக்கணும்னு ஆசையா இருக்கேன்."

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அவர் தூங்குவது எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அதைப் பற்றி வெட்கப்படக்கூட அவருக்கு நேரமில்லை.

"அந்தத் தங்கச்சிப் பொண்ணு கடைசில என்னாவுது?" என்று கேட்டார்.

"செத்துப்போவுதுங்க."

"ஐயையோ. ஏன்?"

"பாட்டு முடிஞ்சிடுது, செத்துப்போவுது. நானா எடுத்தேன் படத்தை?"

தட்டைத் தள்ளி வைத்தார். "நான் முழிச்சிருந்தா சாக விட்டிருக்க மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "இனிமே பிள்ளைங்க என்கிட்ட கேக்காதுங்க, என்ன?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

அவர் பயந்தது அவமானத்துக்கு இல்லை. பொய் சொன்ன அப்பாவைப் பிள்ளைகள் மன்னித்துவிடும். ஆனால் பாய் போட்டு எதிரே உட்காராது. வீடியோவில் முழுப் படமும் கிடைக்கும்போது அரைப் படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் யார் கதை கேட்பார்கள்? வாரத்தில் அந்த ஒரு சாயங்காலத்தை எடுத்துவிட்டால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பயம் வந்தால் எனக்கு அடுத்தது கோபம்தான் வரும். சும்மா கிடந்த வீடியோவின் மேல் வந்தது.

வெள்ளிக்கிழமை நான் சும்மா இருக்கவில்லை. தெம்பனிஸில் இருந்த நாத்தனாருக்குப் போன் போட்டு, நாளைக்குப் பிள்ளைகளோடு உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றேன். "நீங்க ஏண்ணி அலையுறீங்க? நான்தான் அங்க வரேன். ஏதோ கோழிப் படம் போடுறாங்களாமே, உங்க பொண்ணு போன் பண்ணுச்சு" என்றாள். மகனுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் மாதிரி இருக்கே" என்றேன். அவன் காரிடாரை மூன்று தடவை ஓடிக்காட்டினான். கடைசியில் மாதாவிடம் போனேன். நாளை மத்தியானம் கரண்ட் போனால் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். சிங்கப்பூரில் கரண்ட் போக வைப்பது மாதாவாலும் ஆகாத காரியம் என்று எனக்குத் தெரியாதா? அந்த அளவுக்கு இறங்கியிருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. நாலாவது வீட்டு வாசலில் சிலிப்பர் குவியல், என் நாத்தனாருடைய ஹைஹீல்ஸ் உட்பட. ஹாலில் தரை தெரியாமல் பிள்ளைகள். முன்வரிசை நடுவில் என் மகள், பக்கத்தில் தம்பி. என் வீட்டுக்காரருக்கு அன்று வேலை இல்லை. படத்துக்கு வரவில்லை. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை ஃபேனைக் கழற்றிப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா துணியை விலக்கிக் கேசட்டை உள்ளே தள்ளினார். முதல் பாதி என் மகளின் வெற்றி ஊர்வலம். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அடுத்து வருவதைச் சொன்னாள், சொன்னபடி வந்தது. "இப்ப ராட்டினம் வரும்." வந்தது. "இப்ப அந்த ஆளு மீசைய முறுக்குவான்." முறுக்கினான். பிள்ளைகள் கை தட்டின. நாலாவது வீட்டுப் பையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சோபாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். வில்லன் தங்கச்சியை வண்டியில் ஏற்றினான். இடைவேளை.

"இனிமே கிராஞ்சி" என்றாள் மகள்.

கோர்ட் வந்தது. பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். மருத்துவமனை வந்தது. "வெயிட் லா, வரும்" என்றாள். ஒரு தெருக் காட்சியில், யாரும் கேட்காமல், ஒரு கோழி குறுக்கே ஓடியது. பிள்ளைகள் எல்லாம் எழுந்து குதித்து ஆரவாரம் செய்தார்கள். மக்சிக்கின் பையன் கொக்கரித்தான். எனக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்துவிட்டது. அந்தக் கோழி போனது போனதுதான். பிறகு அந்தப் பாட்டு தொடங்கியது. என் நாத்தனார் அழ ஆரம்பித்தாள். நான் மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவில் எங்கேயோ அந்த முதுகு நிமிர்ந்தது. தங்கச்சி கண்ணை மூடினாள். அண்ணன் கதறினான். 'வணக்கம்' என்று எழுத்து வந்தது.

மக்சிக்கின் பையன்தான் முதலில், "மானா ஆயாம்?" என்றான். கோழி எங்கே என்று கேட்கிறான். என் மகன் உதடு பிதுங்கத் தன் அக்காவைப் பார்த்தான். நாலாவது வீட்டுப் பையன் சோபாவிலிருந்து வெளியே வந்தான். "எங்க லா முட்டை லாரி? நான்தான் சொன்னேன்ல?"

என் மகள் எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ரெண்டாவது கேசட் எங்க?"

"ஒரே கேசட்தான்மா குடுத்தாங்க" என்றார் அக்கா.

"பாத்தீங்களா, கடைக்காரர் ரெண்டாவது கேசட்ட குடுக்கவே இல்ல. பெரிய படம் எல்லாம் ரெண்டு கேசட் வரும்ல?"

அது என்னவோ உண்மைதான். சில படங்கள் இரண்டு கேசட்டாக வரும். அக்கா குழம்பிப்போய், "ஆமா, போன வாரங்கூட ஒரு படம் அப்படித்தான் வந்துச்சு" என்றார். "ஆனா வணக்கம்னு போட்டுட்டானே" என்றான் பையன். "இன்டர்வெல்லுக்குந்தான் போடுவாங்க" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, என் மகள் வெளியே போய்ச் சிலிப்பரை மாட்டினாள். எங்கள் வீட்டை நோக்கி நடந்தாள். காரிடார் முழுவதும் அவள் பின்னால் போனது. நான் ஓடினேன்.

அவர் ஹாலில் ஃபேன் பாகங்களுக்கு நடுவே, கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. மகள் அவர் முன்னால் நின்று, பின்வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அப்பா, அந்தத் தங்கச்சி செத்த மாதிரி படுத்துருக்கா. அதோட முதல் கேசட் முடிஞ்சிடுச்சு. கடைக்காரர் ரெண்டாவது கேசட் குடுக்கல. அப்புறம் எப்படி கிராஞ்சிக்குப் போனா, இவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"செத்த மாதிரிதானே படுத்துருந்தா?" என்றார். "பின்ன? வில்லன் நம்பணும்ல?"

என் மகன் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தமிழ், மலாய், கொஞ்சம் பட்டறை இங்கிலீஷ் எல்லாம் போட்டு அவர் அந்தச் செத்த பெண்ணை எழுப்பினார். மருத்துவமனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போன வில்லனின் வண்டி கிராஞ்சியில் பள்ளத்தில் விழுந்தது. ஃபேன் இறக்கைதான் ஸ்டியரிங். கோழிகள் வந்தபோது மக்சிக்கின் பையன் கடமையைச் செய்தான். நாலாவது வீட்டு அக்கா வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "இது எவ்வளவு நல்லாருக்கு, இந்தக் கேசட்ட போய் அந்தக் கடைக்காரன் குடுக்காம விட்டானே" என்று அங்கலாய்த்தார். அவருடைய பையன் கொஞ்ச நேரம் வெளியே நின்றான். முட்டை வீசும் கட்டம் வந்தபோது தலையை நீட்டிப் பார்த்தேன். அவன் சிலிப்பரும் எங்கள் வாசலில்தான் கிடந்தது.

எல்லோரும் போன பிறகு, மகள் எனக்குத் துணி மடிக்க வந்தாள். ஒரு துண்டை மடித்தாள், இன்னொன்றை மடித்தாள்.

"அம்மா, அந்தப் படம் ஒரே கேசட்தானே?"

"ஆமா."

"அப்பா தூங்கிடுவாரா?"

"ஆமாடி."

இன்னொரு சட்டையை எடுத்து உதறினாள். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். நான் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டேன். படத்தில் அந்தத் தங்கச்சி செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

ஓரிரு வருடம் கழித்து அவருக்குப் பகல் வேலையாக மாறியது. எங்கள் வீட்டுக்கும் டிவி வந்தது. நான் அதற்குத் துணி எதுவும் போர்த்தவில்லை. முதல் தடவையாக எங்கள் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்த்தோம். அவர் பாயின் ஓரத்தில், தூங்கிவிடக் கூடாது என்று கண்ணைத் தேய்த்துத் தேய்த்து உட்கார்ந்திருந்தார். பாதிப் படத்தில் கதாநாயகனை ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். மகள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். திரும்பி வந்து அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ம், சொல்லுங்கப்பா" என்றாள்.

"படம் இன்னும் இருக்குக்கா" என்றான் தம்பி.

"இருந்துட்டுப் போவுது."